நாலு பச்சைப் பொட்டு

வெர்னா ஹ்ரினியுக் அரை ஆயுளாகப் பள்ளிப் பேருந்துகளை ரேடியோவில் மேய்த்தவள். கனடாவின் வின்னிபெக் தெருக்களில் பனிப்புயல் சுழன்றடிக்கும் காலைகளில், "ஏம்ப்பா, எங்க போய்ச் சொருகிக்கிட்டு நிக்கிறே? வாயைத் திறந்து சொன்னாத்தானே வண்டி அனுப்ப முடியும்!" என்று அவள் போடும் சத்தத்தில் மீசை வைத்த ஓட்டுநர்களும் பெட்டிப்பாம்பாக அடங்குவார்கள். வாயைத் திறந்து சொல்வதுதான் உலகத்தில் பாதி வியாதிக்கு மருந்து என்பது அவள் கட்சி. மீதிப் பாதிக்குப் பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, வதக்கிய வெங்காயத்தோடு.

ஐம்பதை நெருங்கும்போது அவளுக்குப் படுக்கையில் வலி வந்தது. மருத்துவரிடம் போனாள். மகன் வயதில் இருந்த அந்தப் பையன் கணினியைப் பார்த்துக்கொண்டே, "வயசானா அப்படித்தான்" என்றான். வெர்னாவுக்கு வந்ததே கோபம்! அன்று மாலையே நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் குத்தினாள்: "படுக்கையறை விஷயம் பேச ஆளில்லையா? செவ்வாய் மாலை சமூகக் கூடத்துக் கீழ்த்தளத்துக்கு வாருங்கள். காபி உண்டு. பூட்ஸையும் வெட்கத்தையும் வாசலிலேயே கழற்றிவிடவும்."

ஈ காக்கை வராது என்றுதான் நினைத்தாள். ஒரு டஜன் பேர் வந்துவிட்டார்கள். முப்பது வருடமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திக்கொண்டு ஊருக்கு 'அறைத்தோழர்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் வந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பெண் வந்தாள். தனக்கும் ஆசை உண்டா என்று பிறந்ததிலிருந்து ஒருத்தரும் கேட்டதில்லை என்றாள். வெர்னா தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கீழ்த்தளம்தான் இன்று அறுநூறு பேர் கூடும் மாநாடு. ஒவ்வொரு மார்ச் மாதமும் விமான நிலையச் சாலை ஓட்டல் ஒன்றில் நடக்கிறது. பெயர் 'வாசலில் பூட்ஸ்'. சம்மதம் கேட்டுக் காதலிப்பது, மறுக்கக் கற்பது, மாதவிடாய் நின்ற பிறகு வரும் சுகம், ஒருவருக்கு மேல் காதலிப்பவர்களின் பொறாமை, படுக்கையில் கயிற்றால் கட்டி விளையாடும் கயிற்றுக்கட்டு என்று பேசாத பேச்சில்லை. யாரும் யாரையும் கேட்காமல் தோளில்கூடக் கை வைப்பதில்லை. "கட்டிப் பிடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டிப் பிடிப்பார்கள். முதல் முறை வருபவர்களுக்குச் சிரிப்பு வரும். இரண்டாம் நாள் அவர்களும் கேட்பார்கள்.

மேடையில் உட்கார்ந்து இதைப் பேசு அதைப் பேசு என்று தீர்மானிக்கும் பெரிய மனிதர் அங்கே கிடையாது. எல்லாம் சுவர்தான். வெள்ளி மாலை யார் வேண்டுமானாலும் தான் பேச நினைப்பதைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். கேட்க விரும்புகிறவர்கள் சீட்டின்மேல் பச்சைப் பொட்டு ஒன்றை ஒட்டவேண்டும். கீழ்த்தளக் காலத்தில் மூன்று பொட்டு விழுந்தால் அமர்வு உண்டு. கூட்டம் பெருகி, சீட்டுகள் பெருகி, அறைகள் மட்டும் பெருகாமல் நின்றபோது, இருபதுக்குக் குறைந்தால் கிழிக்கலாம் என்று விதி வந்தது. விதியை எழுதியவளும் வெர்னா, காவல் காத்தவளும் வெர்னா. போன வருடம் தன் சீட்டைக் காணோமென்று குதித்த பேராசிரியர் ஒருவரிடம், "சுவர் சொல்லிருச்சு ஐயா, நான் என்ன பண்ண?" என்று கையை விரித்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இவ்வளவு பேசுகிறவளின் வீட்டுக்குள் மட்டும் ஒரு பேச்சு நின்றுபோயிருந்தது.

புருஷன் ஓரெஸ்ட் ஓய்வு பெற்ற பேருந்து மெக்கானிக். மாநாட்டுக்கு வேனில் காபிக் கொதிகலன்களையும் மடக்கு நாற்காலிகளையும் ஏற்றி வருவது அவன் வேலை. "நான் சுமை தூக்குறவன். பேச்செல்லாம் நீங்களே பேசிக்குங்க" என்று இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்திலே, பனிக்கட்டித் தரையில் கல்லைச் சறுக்கவிட்டுத் துடைப்பத்தால் வழி தேய்க்கும் கர்லிங் ஆட்ட மைதானத்துக்கு நழுவிவிடுவான். இரண்டு வருடங்களுக்கு முன் அவனுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது. வீடு திரும்பிய சில வாரங்களில், குறட்டை விடுகிறேன் உன் தூக்கம் கெடுகிறது என்று சொல்லிக் கீழறை சோபாவுக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான். சமையலறையில் அவளைக் கடந்து போனால்கூட ஒதுங்கிப் போனான். ஊரையே வாயைத் திறக்கச் சொன்னவளுக்கு, புருஷனிடம் மட்டும் வாயில் கொழுக்கட்டை. கேட்டால் அவனைக் குத்திக்காட்டுவதாக ஆகிவிடுமோ என்ற பயம். அவளுக்குப் பழைய சங்கதிகள்கூட அவ்வளவு முக்கியமில்லை. தூக்கத்தில் தன் இடுப்பில் வந்து விழும் அந்தக் கை திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அது வராமலே போய்விடுமோ என்று நினைத்து அழுத காலைகள் உண்டு.

இந்த வருட மாநாட்டின் சனிக்கிழமை. வெர்னாவும், செவிலியர் வேலை பார்த்துக்கொண்டே மாநாட்டையும் கட்டி மேய்க்கும் கெசியா டெரோசியேவும் சுவர் முன்னால் நின்று பொட்டுகளை எண்ணினார்கள்.

"கயித்துக்கட்டு, அமோகம். பெரிய கூடம் குடுத்துரலாம்" என்றாள் கெசியா. "சொன்னா நம்பமாட்டீங்க, வரி கட்டுறதப் பத்தின அமர்வுக்குக்கூட முப்பது விழுந்திருக்கு."

"ரெண்டுமே கட்டுறதுதானே. இது என்ன?"

"லைல் ஃப்ரீசன் எழுதினது. 'ஆபரேஷனுக்கு அப்புறம் ஆம்பளைங்க.' நாலே பொட்டு." கெசியா தயங்கினாள். "பாவம் வெர்னா, மூணு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்காரு."

தலைப்பைப் பார்த்ததும் வெர்னாவுக்கு ஓரெஸ்டின் நினைவு வந்தது. சொந்த வலிக்காக விதியை வளைப்பது அசிங்கம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். "விதின்னா எல்லாருக்கும் விதி" என்று சொல்லிச் சீட்டை எடுத்து மடித்தாள்.

ஓய்வு பெற்ற தபால்காரரான லைல் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காதுக் கருவியைத் திருகியபடி, "பரவாயில்லம்மா. அடுத்த வருஷம் பாப்போம். அதுக்கு நான் இருக்கணும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு வெர்னாவுக்கு உறைத்தது. ஆனாலும் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஓரெஸ்ட் காபிக் கொதிகலனைத் தூக்கிக்கொண்டு வந்தான். கோட்டில் பனி. மேசையில் இறக்கியவன் வழக்கம்போல நழுவாமல் சுவர் முன்னால் போய் நின்றான். மேலும் கீழும் தேடினான்.

"இங்க ஒண்ணு இருந்துச்சே. ஆபரேஷன் பத்தி."

"எடுத்தாச்சு."

"ஏன்?"

"நாலு பொட்டுதான் ஓரெஸ்ட். இருபது வேணும்."

"நாலு விழுந்துச்சா!" அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "யாரு அந்த மத்த மூணு பேரு?"

வெர்னாவுக்குப் பொட்டில் அறைந்தது போலிருந்தது. "மத்த மூணுன்னா..."

"ஒண்ணு என்னுது." அவன் சுவரையே பார்த்தான். "நேத்து எல்லாரும் சூப் குடிக்கப் போனப்ப ஒட்டினேன். அதுக்கு முன்னாடி மூணு தடவ கிட்ட வந்தேன். வந்தப்பல்லாம் யாராவது வந்து பக்கத்துல நின்னாங்க. அந்த கயித்துக்கட்டுச் சீட்டைப் படிக்கிற மாதிரி நடிச்சேன். ஒரு பொண்ணு என்னைப் பாத்து, ஆர்வமான்னு வேற கேட்டுருச்சு."

வேறொரு நாளாக இருந்தால் வெர்னா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது கண் நிறைந்துவிட்டது. தன் முட்டாள்தனம் முழுதாகத் தெரிந்தது. கூச்சத்தைக் கழற்றிவைத்தவனுக்குச் சுவர் ஒன்றுமேயில்லை. கழற்ற முடியாமல் தவிப்பவனுக்காகத்தான் இந்த மாநாட்டையே தொடங்கினாள். அவனைப் போய், அறுநூறு பேர் பார்க்கப் பொட்டு ஒட்டினால்தான் உனக்கு நாற்காலி என்று சொல்லியிருக்கிறாள். யாரும் வேண்டுமென்று செய்த தப்பில்லை. கூச்சமில்லாதவர்கள் கூடி உட்கார்ந்து நல்லெண்ணத்தோடு செய்த தப்பு.

"கெசியா! அந்த நாலு பொட்டு அமர்வு நடக்குது" என்றாள்.

"விதி?"

"விதியத் தூக்கி அடுப்புல போடு. நான்தான எழுதினேன்? தப்பா எழுதிட்டேன்."

"போடலாம். அறை எங்க இருக்கு? துடைப்பம் வைக்கிற அலமாரிகூட நிரம்பிருச்சு."

ஓட்டலில் ஒரே ஓர் அறைதான் மாநாட்டுக்காரர்கள் கையில் இல்லை. அது கர்லிங் போட்டிக்காரர்கள் சாப்பாட்டுக்கு எடுத்திருந்த அறை. இரண்டு நாளாக மாநாட்டு ஆட்களைக் கண்டால் அவர்கள் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். வெர்னா நேரே அவர்கள் தலைவரிடம் போனாள். எழுபதை எட்டிய ஆஜானுபாகு, சட்டை முழுக்கப் பழைய போட்டிகளின் ஊசிப் பதக்கங்கள்.

"ஒரு மணி நேரம் அறை வேணுங்க. எங்களுக்கு இடம் பத்தல."

"உங்க ஆளுங்களுக்கா?" அவர் பின்வாங்கினார். "உள்ள என்ன பண்ணுவீங்க?"

வெர்னா மடித்த சீட்டைப் பிரித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு ஒரு முறை படித்தார். மறுபடியும் படித்தார். திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எத்தன மணிக்கு?" என்றார். "எங்க பசங்களும் வரலாமில்ல?"

அவர் 'பசங்க' என்றது எல்லாம் தலை நரைத்த கூட்டம். இரண்டு மணிக்கு லைல் கதவைத் திறந்தபோது கர்லிங் துடைப்பத்தோடு வந்தவர்கள் பாதி, மாநாட்டு அட்டையைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு வந்தவர்கள் பாதி. நாற்காலி பற்றவில்லை. ஓரெஸ்ட்தான் வேனிலிருந்து இன்னும் கொண்டுவந்து போட்டான். கடைசி நாற்காலியைப் போட்டவன் வெளியே போகவில்லை.

வெர்னா வாசலில் நின்றாள். "நானும் உள்ள வரலாமா?"

ஓரெஸ்ட் யோசித்தான். "வேணாம் வெர்னா. உன் முன்னாடி முதல்ல சொல்ல வராது. தெரியாதவங்ககிட்ட சொல்லிப் பாத்துட்டு வர்றேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. வேண்டாமென்றால் வேண்டாம் என்று மேடையில் சொல்வது எவ்வளவு சுலபம்! கதவைச் சாத்திவிட்டு எதிர்ச்சுவரோரம் போய் நின்றாள். காதை வைத்துக் கேட்க மனசு பறந்தது. கேட்கவில்லை. ஒரு தடவை உள்ளேயிருந்து பெரிய சிரிப்பு வந்தது. அப்புறம் பேச்சு தாழ்ந்துவிட்டது.

வெளியே வந்த ஓரெஸ்டின் மூக்கு சிவந்திருந்தது. "வேனுக்கு வா" என்றான்.

வண்டியில் ஏறி, சூட்டுக்காக எஞ்சினைப் போட்டான். கண்ணாடியில் பனி மெதுவாகக் கரைந்தது.

"கேளு" என்றான்.

"என்ன கேக்கணும்?"

"ரெண்டு வருஷமா என் முதுகைப் பாத்து என்னமோ கேட்டுக்கிட்டே இருக்கியே, அத. ஊருக்கெல்லாம் மைக் வச்சு சொல்லிக் குடுக்கற, புருஷன்கிட்ட ஒரு வார்த்தை வரலியா?"

"நீ மட்டும் சொன்னியாக்கும்!" சொல்லும்போதே வெர்னாவுக்குக் குரல் உடைந்தது. "மேல வந்து படு."

"குறட்டை..."

"குறட்டை விடு. கூரை பறக்கட்டும்."

ஓரெஸ்ட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். "பழைய மாதிரி எதுவும் நடக்காது. நடக்கும்னு நீ நம்பிட்டு, நடக்காம போச்சுன்னா, உன் மூஞ்சி எப்படி ஆகும்னு நெனச்சுத்தான் நான் கீழ போனேன்."

"என் மூஞ்சிய நீ கேட்டியா? பழைய மாதிரிய யாரு கேட்டா? உன் கையத்தான்டா கேக்கறேன்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.  பிறகு வலது கையின் தடித்த கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். இரண்டு வருடமாகத் தள்ளிவைத்திருந்த கையை அந்தரத்தில் நிறுத்தி, மாநாட்டுக்காரர்களைப் போலவே கேட்டான்.

"வைக்கலாமா?"

வெர்னா கோட்டுப் பொத்தான்களை அவிழ்த்து, அந்தக் கையைத் தானே பிடித்து இழுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. அவள் விடவில்லை.