கங்காணியின் தங்கையும் மூளையின் உள்ளறையும்

மூளையை நடுவே பிளந்தால், அதன் ஆழத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சாம்பல் நிற முட்டைகள் இருக்கும். புறா முட்டை அளவுதான். இரண்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய இடுக்கு, அதில் தெளிந்த நீர். கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பீங்கான் தட்டொன்றில் நான் அவற்றை முதன்முதலாகப் பார்த்த காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. டொக்டர் அதைத் தலமஸ் என்றார். கிரேக்கப் பாஷையில் உள்ளறை என்று அர்த்தமாம். நான் வடக்கே தமிழிலேயே வைத்தியம் படித்துவிட்டு அங்கே டிரஸராக, அதாவது புண் கழுவி மருந்து கட்டுகிறவனாக, வேலை பார்த்தவன். எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் பெயர் சொல்வேன் என்ற கர்வம் எனக்கு உண்டு. வயது போயும் அது குறையவில்லை. அந்த முட்டைகளுக்கு மட்டும் என்னிடம் பெயர் இருக்கவில்லை. அன்று தட்டில் இருந்தது, மடுல்கெல்லப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில் பழம் பறித்த பெண்ணின் மூளை. அவள் அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் கூடப்பிறந்த தங்கை.

இப்போது அந்த மலைகளில் தேயிலை நட்டுவிட்டார்கள். அன்று எங்கு பார்த்தாலும் கோப்பிதான். பழம் சிவந்த ஒரு காலையில் மரத்தடியில் நின்றவளுக்கு இடது பக்கம் முழுவதும், முகத்திலிருந்து கால்விரல் வரை, திடீரென மரத்துப்போனது. விழுந்தாள். இரண்டொரு நாளில் எழுந்து நடமாடினாள். பலம் திரும்பியது, உணர்ச்சி திரும்பவில்லை. பார்த்துக்கொண்டே இடது கையால் கிளையைப் பிடித்தால் பிடி நிற்கும். கண்ணை வேறு பக்கம் திருப்பினால் கை தன்பாட்டில் விட்டுவிடும். சில மாதம் கழித்து அதைவிடக் கொடுமை தொடங்கியது. மரத்துக் கிடந்த அந்தப் பக்கமே எரிய ஆரம்பித்தது. சேலை உரசினால் எரியும், காற்றுப் பட்டால் எரியும், பச்சைத் தண்ணீர் பட்டால் நெருப்பை அள்ளிக் கொட்டியதுபோல் துடிப்பாள்.

அவளுடைய அண்ணன் லேசான ஆள் இல்லை. கடல் கடந்து, காட்டுப் பாதையில் நடத்தி, ஒரு கூட்டத்தையே கூட்டிவந்தவர். அவர் சொன்னால் நூறு பேர் மலை ஏறுவார்கள். பறிப்பு மும்முரமாக நடக்கும்போது சொந்தத் தங்கையே கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் படுத்துக்கொண்டால் துரை முன்னால் அவர் முகத்தை எங்கே வைப்பார்? குடத்தைத் தூக்குகிற கைக்குத் தூக்கியது தெரியாதாம், நல்ல கூத்து என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஒருநாள் பாசாங்கை முடித்துவைக்கிறேன் என்று அவளை இழுத்துப்போய், மலையிலிருந்து தண்ணீர் விழும் பீலிக்கு அடியில் பிடித்து நிறுத்தினார். அவள் போட்ட கூச்சலில் லயமே திரண்டது. அந்தக் கூச்சலையும் அவர் நடிப்பென்றே எடுத்துக்கொண்டார். இவள் பொய்க்காரி என்று எழுதி வாங்கவே ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்.

எங்கள் டொக்டர் பறங்கியர். நல்ல மனிதர், ஆனால் எப்போதும் அவசரம். அவள் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, இடது உள்ளங்கையில் ஒரு கோப்பிப் பழத்தை வைத்து மூடி, கையில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"எந்தக் கையில?" என்றாள் அவள்.

ஊசியால் குத்தினார், தெரியவில்லை. குளிர்ந்த கரண்டியை வைத்தார், அலறினாள். குத்துத் தெரியாத இடத்தில் குளிர் எப்படி எரியும் என்று டொக்டர் குழம்பினார். கடைசியில், பெண்களுக்கு வரும் மனக்கோளாறுதான் இது என்று எழுதிவிட்டார். "ஓம் எண்டு தலையாட்ட எனக்கு மனம் வரேல்லை டொக்டர்," என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகத் திரும்பினார். அவள் விடவில்லை.

"நில்லுங்கய்யா. நான் செத்தா தலையைப் பொளந்து பாருங்க. உள்ள ஒண்ணும் இல்லேன்னா பொய்க்காரின்னே எழுதிக்கங்க. இருந்தா எங்கண்ணனக் கூப்பிட்டுக் காட்டுங்க."

அழுதுகொண்டு சொல்லவில்லை. கூலி பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவள்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை வேறு எந்த நோயாளிமேலும் வந்ததில்லை.

வார்டில் சில வாரம் இருந்தாள். என் பேச்சைக் கேட்டு, டிரஸர் ஐயா ஊரில் எல்லாரும் இப்படித்தான் இழுத்து இழுத்துப் பேசுவார்களா என்று கேலி செய்வாள். மூக்கு மட்டும் படு கூர்மை. குசினியில் கோப்பி கருகினால் கட்டிலில் இருந்தபடியே சமையல்காரனைத் திட்டுவாள். மழைக்காலம் வந்தது. அந்நாளில் தோட்டத்துச் சனங்களை வாரிக்கொண்டுபோன வயிற்றோட்டம் அவளையும் கொண்டுபோனது. நான் அழுதேன். நோயாளிக்கு டிரஸர் அழலாமா என்று யாரோ கேட்டார்கள், அழலாம்.

பிரேதத்தை எடுத்துப்போக அண்ணன் வந்தார். அவள் சொன்னதை நினைவூட்டினேன். கூட வந்த பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். கீறிய உடம்பை யார் தொடுவது என்றார்கள். அவர் அவர்களைக் கையமர்த்தினார். "வெட்டிப் பாருங்க. ஒண்ணும் இருக்காது. நானே நின்னு பாக்கிறேன்," என்றார். அண்ணனுக்கும் தங்கைக்கும் நெஞ்சழுத்தம் ஒரே அளவுதான்.

அவர் நின்றார், முகம் சுளிக்கவில்லை. டொக்டர் மூளையை எடுத்துத் தட்டில் வைத்தார். மேலே ஒரு குறையும் இல்லை. துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டு போனார், ஒன்றும் இல்லை. நான் சொன்னேனே என்பதுபோலக் கங்காணியார் என்னைப் பார்த்தார். அடுத்த வெட்டில் அந்த இரண்டு முட்டைகளும் தெரிந்தன. இடது பக்கத்தது சுத்தமாக இருந்தது. வலது பக்கத்ததில் கோப்பிக்கொட்டை அளவில் சுருங்கிய பழுப்புக் குழி. டொக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொல்லச் சொல்ல நான் தமிழாக்கினேன். அந்நாளைய புத்தகங்கள் இதைப் பார்வைக்கான இடம் என்றே அழைத்தன. இவளுக்கோ கண் நன்றாகத் தெரிந்தது. தோலில் படுகிற தொடுகை, சூடு, குளிர், கை எங்கே கிடக்கிறது என்ற அறிவு, எல்லாம் முதலில் இங்கே வந்து சேர்ந்துதான் மூளையின் மேற்பரப்புக்குப் போகின்றன என்று வேறு சிலர் வாதித்தார்கள். அவர்கள் சொன்னதே சரி என்றார் டொக்டர். இடது உடம்பின் சேதிகள் வலது அறைக்கு வரும். பலம் வேறு வழியால் இறங்குவதால் பலம் கெடவில்லை. அறை பழுதானால் சேதி வராமல் போகும், வருவது மாறியும் வரும், குளிர் நெருப்பாகும். மூக்கின் நரம்பு மட்டும் இந்த அறைக்கு வராமல் முன்பக்கத்து அடிவழியே தனியாக ஓடுகிறது என்றும் விரலால் காட்டினார். தான் எழுதியது பிழை என்று அவர் வாயாலேயே சொன்னார். அந்த அறையின் வேலை முழுவதும் இன்றைக்கும் எவருக்கும் தெரியாது. அவள் பொய் சொல்லவில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

"இது எப்பலேருந்து இருக்கு?" என்று கேட்டார் கங்காணியார்.

பழைய வடு, அவள் மரத்தடியில் விழுந்த அன்றே உண்டானது என்றார் டொக்டர். கங்காணியார் குனிந்து அந்தக் குழியை நெடுநேரம் பார்த்தார்.

தலையைத் தைத்து மூடிப் பிரேதத்தை முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். குளிப்பாட்டுவதற்குப் பெண்கள் ஆஸ்பத்திரிப் பீலியில் குடம் நிரப்பி வைத்திருந்தார்கள். கங்காணியார் ஒரு குடத்துக்குள் கையை விட்டார், உடனே எடுத்தார். அத்தனை குடத்தையும் காலால் தள்ளிக் கவிழ்த்தார்.

"அடுப்பு மூட்டுங்க. வெந்நி வைங்க."

செத்தவளுக்கு எதற்கு வெந்நீர் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. விறகை எடுத்து அவரே அடுக்கத் தொடங்கினார்.

"பச்சத் தண்ணி அவளுக்கு எரியும்," என்றார்.