மாமாவின் தோட்டமும் ஒரு டீக்கறையும்

எங்கள் வீட்டு பீரோவில், அப்பாவின் பாஸ்புக்குகளுக்கும் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கும் நடுவில், லேமினேஷன் செய்த ஒரு தாள் இருக்கிறது. பழைய புலப்படத்தின் நகல். ஒரு நிலத்தை அளந்து அதன் எல்லைகளை வரைந்து வைத்திருக்கும் சர்க்கார் படத்துக்கு அப்படிப் பெயர். கோணல்மாணலாக ஐந்து கோடுகள், ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓர் எண், ஓரமாக வளைந்து போகும் ஓர் இட்டேரி, அது வளைகிற மூலையில் கிணற்றுக்கு அடையாளமாக மிளகு அளவில் ஒரு வட்டம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட வண்டித்தடத்தைத்தான் எங்கள் பக்கம் இட்டேரி என்போம். இவை தவிர, படத்தின் நட்டநடுவில் பழுப்பாக இன்னொரு பெரிய வட்டம் இருக்கிறது. அது சர்க்கார் போட்டதல்ல. மாமா டீ கிளாஸ் வைத்த தடம்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பம்புசெட் கம்பெனி ஒன்றில் லேத்தில் இரும்பு கடையும் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நூல் பிசகினாலும் பொறுக்கமாட்டார். எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் முதலில் அதை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். அப்பாவுக்கு அம்மாவைப் பேச வந்தபோது, எங்கள் பக்கம் குடும்பத்துக்கு அடையாளம் கேட்கும் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் எந்தத் தோட்டம் என்று. மாமா கொஞ்சமும் தயங்காமல், சரவணம்பட்டியில் தாத்தா காலத்தில் எங்களுக்குத் தோட்டம் இருந்தது, கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும், தாத்தா அதை விற்றுவிட்டு மில் வேலைக்கு வந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். கல்யாணம் முடிந்தபிறகு அப்பா அந்தப் பக்கம் விசாரித்துப் பார்த்திருக்கிறார். அப்படியொரு தோட்டத்தைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை.

அப்பாவுக்கு அது போதும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இல்லாத பொருளுக்கெல்லாம் மச்சான் தோட்டம்தான் முகவரி. சாவியைக் காணோமா, மச்சான் தோட்டத்தில் இருக்கும். கரண்ட் போய்விட்டதா, மச்சான் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறது. மாமாவும் கூடவே சிரிப்பார். அவருக்கு அது உறைக்கவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

எனக்குச் சரவணம்பட்டி ஐடி கம்பெனியில் வேலை கிடைத்த வருடம், மாமா தன் வீட்டுப் பரணிலிருந்து பழைய பத்திரம் ஒன்றைத் தேடி எடுத்தார். அதிலிருந்த சர்வே நம்பரை வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து இந்தப் படத்தை வாங்கிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூறு அடி டேப்போடு என் ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றார். கோயிலோரத்துச் சர்வே கல்லிலிருந்து கிணற்று மூலை வரைக்கும், இடையிலிருந்த நிலங்களின் அளவுகளையும் கூட்டிக் குறித்து வைத்திருந்தார். ஆயிரத்து நானூற்று அறுபது. பழைய இட்டேரி இப்போது தார் ரோடு. டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, பஸ்களின் ஹாரனுக்கும் ஸ்கூட்டர்களின் வசவுக்கும் நடுவில், ரோடு வளைகிற இடத்திலிருந்த பேக்கரியைத் தாண்டி அளந்துகொண்டே போனோம். கணக்கு முடிந்த இடத்தில் ஒரு காலேஜின் பெண்கள் ஹாஸ்டல் சமையல்கூடம் இருந்தது.

“எங்க தாத்தா கெணறு உங்க சாம்பார் அண்டாவுக்குக் கீழதானுங்க இருக்குது” என்று மாமா வாட்ச்மேனிடம் சொன்னார். வாட்ச்மேன் என்னைப் பார்த்து, “ஏனுங்கம்மணி, பெரியவரை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

திரும்பும் வழியில் பேக்கரியில் உட்கார்ந்தோம். படம் காற்றில் பறக்காமலிருக்க மாமா கிளாஸை அதன்மேல் வைத்தார். வட்டம் விழுந்தது அப்போதுதான். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “டீயா இது? தண்ணி ஒரே உப்பு. எங்க கெணத்துத் தண்ணி எளநியாட்ட இருக்கும் கண்ணு, அதுல போட்டுக் குடிக்கோணும்.” படத்தில் இட்டேரி வளைகிற மூலையில்தானே கிணறு இருக்கிறது, நாம் வளைவைத் தாண்டி வந்துவிட்டோமே என்று கேட்டேன். “வரஞ்சவனுக்குக் கை நடுங்கியிருக்கும்” என்று முடித்துவிட்டார். அடுத்த ஞாயிறும் அளந்தோம். அதே சமையல்கூடம், அதே வாட்ச்மேன், அதே உப்பு டீ.

சங்கதி அப்பாவுக்கு எட்டியது. “மச்சானோட தாத்தா லேடீஸ் ஹாஸ்டல்லயா வெள்ளாமை பண்ணுனாரு?” என்று போனில் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அன்று பஸ் ஸ்டாப்பில் மாமா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “உங்கொப்பன் கிண்டல் பண்றது பரவால்ல கண்ணு. ஆனா பொய்யச் சொல்லித் தங்கச்சியக் கட்டிக் குடுத்துப்போட்டேன்னு ஆயிருமில்ல.” இத்தனை வருடம் நாங்கள் சிரித்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

கோணல் இருந்த இடம் காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வெளிப்பட்டது. படம் கிழியத் தொடங்கியிருந்ததால் லேமினேஷன் போடப் போயிருந்தோம். மகனின் கடையில் பொழுதுபோக்காக உட்கார்ந்திருந்த பாய், சர்வே ஆபீஸில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். தாளைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மாமா தன் கணக்கைச் சொன்னார். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் அடின்னு ஆருங்க உங்களுக்குச் சொன்னது? பழைய படமெல்லாம் லிங்க் கணக்குங்க. நூறு லிங்க்குன்னா அறுபத்தாறு அடிதான்” என்றார். வாழ்நாளெல்லாம் மில்லிமீட்டரையும் இஞ்சையும் மாற்றி மாற்றிக் கடைசல் பிடித்த மனிதர், அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அடக்கமுடியாமல் சிரித்தேன். பாயும் சிரித்தார். கடைசியில் மாமாவும் சிரித்துவிட்டார். டீக்கறையைத் துடைக்கப் பார்த்து முடியாமல் பாய் அதோடு சேர்த்தே லேமினேஷன் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கவென்றே அப்பாவும் வந்தார். லிங்க்கை அடியாக மாற்றிய கணக்குப்படி, தொள்ளாயிரத்து அறுபது அடியைத் தாண்டி மூன்று அடி போனதும் டேப் நின்ற இடம், வளைவில் இருந்த அதே பேக்கரியின் பின்புறம், கிளாஸ் கழுவுகிற இடம். மாமா ஈரத்தில் நின்றுகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். இங்கே கிணறு ஏதாவது இருந்ததா என்று நான்தான் கடைக்காரரைக் கேட்டேன்.

“நீங்க நிக்கறதே கெணத்து மேலதானுங்க” என்றார் அவர். “எங்கப்பா இந்த எடத்த வாங்கறப்பவே பழைய கெணறு இருந்துச்சு. சிலாப்பு போட்டு மூடிப்போட்டோம். அதுக்குள்ளயே போர் எறக்கித்தான் டீக்குத் தண்ணி எடுக்கறமுங்க.”

மாமாவின் கண்கள் கலங்கிவிட்டன. நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தச் சிலாப்பைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு முன்னால் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, “மச்சான், உங்க தோட்டத்துக்கு வந்திருக்கறன். ஒரு டீ சொல்லமாட்டீங்களா?” என்றார். அந்தத் தோட்டத்தை அவர் கிண்டலில்லாமல் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டீ வந்தது. அப்பா ஒரு வாய் குடித்தார். “தோட்டம் நெசந்தானுங்க மச்சான். ஆனா தண்ணி உப்புங்க” என்றார். “தண்ணியக் கொற சொல்லாதீங்க மாப்ள, அவன் டீத்தூளு சரியில்ல” என்றார் மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மாமா போன வருடம் இறந்துவிட்டார். நான் ஆபீஸ் போகும் பஸ் தினமும் அந்த வளைவில்தான் திணறித் திரும்புகிறது. மற்றவர்கள் ரோடு போட்டவனைத் திட்டுவார்கள், நான் மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா காபியைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மணியோட அம்மா ஊட்டுக்காரங்க எந்தத் தோட்டமுங்க?” என்று கேட்டார். அம்மா சமையலறைக் கதவருகே அசையாமல் நின்றார். அப்பா எழுந்துபோய் பீரோவைத் திறந்து படத்தை எடுத்து வந்து டீப்பாயில் வைத்தார். வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, நடுவிலிருந்த பழுப்பு வட்டத்தில் விரலை வைத்தார்.

“இது என்னங்க, கெணறுங்களா? இவ்வளவு பெருசா?”

“ஆமாங்க” என்றார் அப்பா, கண் இமைக்காமல். “எங்க மச்சான் தோட்டத்துக் கெணறு. தண்ணி எளநியாட்ட இருக்குமுங்க.”