விடு என்றால் என்ன?

நேற்றுக் கீழே கெல்லர் நிலவறையைத் துப்புரவாக்கப் போன மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பையோடு மேலே வந்தாள். "இதை இன்னும் வைச்சிருக்கிறியளே? எறியுங்கோ." உள்ளே, நான் கோல் காத்த காலத்துப் பழைய கையுறைகள். எத்தனை கழுவினாலும் போகாத வேர்வை நாற்றம். மற்றவர்களுக்கு இப்படியான நாற்றத்தில் இளமை திரும்பி வருமாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சம்பளத்துக்கு ஆடும் உள்ளரங்க லக்ரோஸ் லீக் ஒன்று இங்கே ஜெர்மனியில் தொடங்கி, ஒரே பருவத்தில் படுத்துவிட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. நுனியில் வலை கட்டிய தடியால் பந்தை ஏந்தி எறிகிற விளையாட்டு. எசன் நகர அணிக்கு நான்தான் கோல் காப்பவன். ரயிலில் தடியைக் கண்டுவிட்டு, "மீன் பிடிக்கப் போறியளோ தம்பி?" என்று கேட்காத தமிழாள் இல்லை.

அணியில் இன்னொரு தமிழன் கஜன். ஹம் நகரத்திலிருந்து வருவான்; அதாவது ரயில் மனம் வைத்தால் வருவான். தாய் பொரித்த ரோல்ஸ் கொண்டுவருவதால் பயிற்சியாளர் பிந்தியதை மன்னித்துவிடுவார். நாங்கள் இருவரும் ஆடும்போது தமிழில்தான் கத்துவோம். எதிரணிக்கு விளங்காதாம். பெரிய கெட்டிக்காரர் என்ற நினைப்பு.

கடைசி ஆட்டம். வென்றால் அடுத்த பருவத்துக்கும் ஒப்பந்தம்; தோற்றால் அணியையே கலைப்பார்கள். நான் இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்தவன். ஆட்டம் சமநிலையில் முடியப்போகிற நேரம், பந்து மெதுவாக என்னை நோக்கி உருண்டது. கஜன் குறுக்கே ஓடிவந்தான். "விடு!" என்று கத்தினேன். அவன் பந்தை அள்ளி, பார்க்காமலே வீசினான். அது எதிரணிக்காரன் ஒருவனின் தடியில் போய் விழுந்தது. நான் திரும்புவதற்குள் கோல்.

"நீதானே விடு எண்டு கத்தினனீ?"

"விடு எண்டா தொடாதை எண்டுதான்ரா. நான் எடுக்கிறன் எண்டு."

"பந்து கிட்ட நிக்கேக்க விடு எண்டா, எறி எண்டுதானே மச்சான்?"

பயிற்சியாளருக்கு விளக்கப்போனேன். ஒரே சொல், அர்த்தம் இரண்டும் நேரெதிர் என்றேன். "அப்படியானால் ஜெர்மனில் கத்தியிருக்கலாமே" என்றார். அது இன்னும் எரிகிறது.

அணி கலைந்தது, பிறகு லீக்கும் போய்விட்டது. நாங்கள் ஆடிய மண்டபத்தில் இப்போது கட்டிலும் மெத்தையும் விற்கிறார்கள். போன மாதம், கோல் நின்ற இடத்தில் கிடந்த மெத்தையில் படுத்துப் பார்க்கச் சொன்னான் விற்பனையாளன். எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் தமிழில் பந்து கேட்க இனி ஒருவரும் இல்லை.

கையுறையைக் கண்டதும் கஜனுக்குப் போன் எடுத்தேன். சுகம்கூட விசாரிக்காமல், "அது உன்ரை பிழைதான்" என்றேன்.

"விடு மச்சான்" என்றான்.

இந்த முறை அர்த்தம் சரியாகவே விளங்கியது. பையைத் திரும்பவும் கெல்லரில் கொண்டுபோய் வைத்தேன்.