ஊதாத வழியனுப்பு

இன்று மாலை என் மாமா தனிஸ்லாசை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். நெல்லித்தோப்பில் பேண்டு வாத்தியக் கோஷ்டி வைத்திருந்தவர். கிளாரினெட் ஊதுவார்.

கல்லூரியில் படித்தபோது ‘செண்ட்-ஆஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லை அவரிடம் சொன்னேன். ஓய்வு பெறும் துரைக்கு மாலை போட்டு அனுப்புவதும் அதுதான், கப்பலேறுகிறவனைக் கரையில் நின்று அனுப்புவதும் அதுதான், சவ அடக்கத்தைக்கூட அப்படிச் சொல்வதுண்டு என்றேன். மாமா சிரித்தார்.

“மூணுத்துக்கும் நான்தான் ஊதறேன். வெள்ளக்காரனுக்கு ஒரு பேரு போதும். எனக்கு மூணு பாட்டு வேணும்.”

அவருடைய ஒரே மகன் சவரிராயன் சைகோனுக்குப் புறப்பட்ட நாளில், படகு அவனைக் கப்பலில் சேர்த்த பிறகும் மாமா கடற்பாலத்தில் நின்று ஊதிக்கொண்டே இருந்தார்.

“அண்ணே, புள்ள போயாச்சு. யாருக்கு ஊதற, மீனுக்கா?” என்றார் டிரம்பெட் ஊதும் மிக்கேல்.

“மீனு உன்ன மாதிரி குறுக்க பேசாது. ஊதுடா.”

மறுவருஷம் தந்தி வந்தது. காய்ச்சலில் இறந்துவிட்டான், அங்கேயே புதைத்துவிட்டார்கள். உடல் கிடைக்காதவர்களுக்குக் கோயில் நடுவில் வெறும் பெட்டி வைத்து, கறுப்புத் துணி போர்த்தி, செபம் சொல்லி மந்திரிப்பார்கள். அந்தப் பெட்டியைத் தூம்பா என்பார்கள். மாமா சாமியாரிடம் பேசி நாள் குறித்து வந்தார். அன்று மகனுக்குத் தானே ஊத வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. அத்தை சூசைமேரி சம்மதிக்கவில்லை.

“நான் பொணத்தப் பாக்கல. காலிப் பொட்டிக்கு நீ ஊதினா, எம் புள்ள செத்தவன்னு ஆயிடும்யா.”

“ஊருல போறவன் வரவனுக்கெல்லாம் ஊதறேன், சூச. பெத்த புள்ளைக்கு ஒரு தடவ…”

“ஊதாத.”

ஊதவில்லை. மற்றவர் வீட்டுச் சாவுகளுக்குப் போனார். செத்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளன்று மட்டும் கிளாரினெட்டைத் தொடமாட்டார். உள்ளே எல்லாருக்கும் பொதுவாகத் தூம்பா வைத்திருக்கும்போது கோயில் மதிலோரமாக நிற்பார். சைகோன் கப்பல் வரும் நாளில் அத்தை ஒரு கைப்பிடி அரிசி கூடப் போட்டு உலை வைப்பாள். மிஞ்சிய சோற்றை மறுநாள் காலையில் மாமாவே சாப்பிட்டுவிடுவார்.

இன்று பெட்டியை மூடுமுன் கோஷ்டிக்காரர்கள் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். மிக்கேல்தான் உள்ளே வந்தார்.

“அண்ணி, ஊதலாமா?”

அத்தை மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஊதுங்கப்பா. எம் புள்ளைக்கும் சேத்து ஊதுங்க” என்றாள்.

மிக்கேல் வெளியே போய் டிரம்பெட்டை வாயில் வைத்தார். முதலில் காற்றுதான் வந்தது.