மனைவிக்கும் சம்மதம் என்ற வரி

காலையில் வழக்கு, மத்தியானத்துக்கு மேல் துணி. பழவேற்காட்டில் உலாந்தாக்காரர் என்கிற டச்சுக்காரர் கோட்டையில் நான் வக்கீலாக இருந்த வருஷங்களில் என் பொழுது இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

கோட்டைக்குள் நியாயசபை கூடும். ஏரிக்கரை ஜனங்களின் பேச்சு துரைமார்களுக்குப் புரியாது. துரைமார்களின் பாஷை இவர்களுக்குப் புரியாது. இரண்டும் தெரிந்த நான் நடுவில் நின்று வாதாடுவேன். ஆனால் என் மனசு இருந்த இடம் ஆரணியாற்றங்கரையில் நான் போட்டிருந்த சாயக் கொட்டகை. கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறிக் காய்ந்த துணியில் மூங்கில் கோலால் நானே கொடியும் பூவும் எழுதுவேன். சாயவேர் கொதிக்கும் அண்டாவிலிருந்து அது சிவந்து எழும்பி வரும்போது கிடைத்த சந்தோஷம், சபையில் ஜெயித்த எந்த நாளிலும் கிடைத்ததில்லை. என் துணி கப்பலேற வேண்டும், கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ அதை உடுத்த வேண்டும் என்பது என் ஆசை.

"வக்கீலுக்கு எதுக்குங்க இந்தச் சாயக் கை? அதை நீட்டிப் பேசினா சபையில யார் மதிப்பாங்க?" என்பாள் என் மனைவி. புளி போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் கோட்டைக்குப் போவேன்.

அந்த நாட்களில் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற புருஷனும் பெண்சாதியும் என்னிடம் வந்தார்கள். அவர்கள் இறங்கும் இடத்தைப் பெரிய வலைக்காரர்கள் குச்சி நட்டு மறித்துவிட்டார்கள்.

"எங்களுக்குப் படகு இல்ல, வலை இல்ல. கைதான் இருக்குது. அங்க எறங்காதன்னா இன்னா பண்றது ஐயா?" என்றான் அவன். அவள் பக்கத்தில் நின்றாள். சேற்றில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

மூன்று அமர்வுகள் வாதாடினேன். குச்சியைப் பிடுங்கச் சொல்லி உத்தரவாயிற்று. அதிலிருந்து நான் சொன்னால் அது சட்டம் என்று அவன் நம்பினான். இறால் கிடைக்காத நாட்களில் அவள் கொட்டகைக்கு வந்து துணி அலசுவாள், மணலில் விரிப்பாள். என் கோடுகளில் எது சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

பிறகு இரண்டு வருஷம் மழை இல்லை. ஆறு கால்வாய் மாதிரி இளைத்து, அப்புறம் நின்றே போயிற்று. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, கடலுக்கும் ஏரிக்கும் தொடர்பு அற்றது. ஏரித் தண்ணீர் உப்பாகக் காய்ந்து இறால் செத்து ஒதுங்கியது. எளாவூர்ப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஜனங்கள் நடந்து வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் கோட்டைச் சுவருக்கு வெளியே உட்கார்ந்தார்கள், எழுந்திருக்கவில்லை.

கோட்டையில் அரிசி இருந்தது. தன்னைத்தானே விற்றுக்கொள்கிறவனுக்கு அரிசி கொடுத்தார்கள். அவனைக் கப்பலில் ஏற்றித் தூரத்துத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பத்திரம் எழுத வேண்டும், விற்பவன் மனம் ஒப்பிச் சொல்ல வேண்டும், கல்யாணமானவன் என்றால் மனைவியின் சம்மதமும் வேண்டும்.

சபைத் துரை என்னைக் கூப்பிட்டார். "பத்திரம் எழுத ஆள் போதவில்லை. நீ எழுது. உன் துணி மூட்டைகளுக்கு இந்தக் கப்பலிலேயே இடம் தருகிறேன்."

நான் எழுதாவிட்டால் வேறொருவன் எழுதுவான், நான் எழுதினால் விருப்பமில்லாதவர்களையாவது திருப்பி அனுப்பலாம் என்று வீட்டில் சொன்னேன். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூட்டைக்கு இடம் இல்லன்னாலும் எழுதுவீங்களா?" என்று கேட்டாள். மறுநாள் காலையில் கோட்டைக்குப் போய் எழுத உட்கார்ந்தேன்.

முதல் சில நாள் ஒவ்வொருவரையும் நிறுத்தி நிதானமாகக் கேட்டேன். இரண்டு பேரைத் திருப்பியும் அனுப்பினேன். அடுத்த நாளே அவர்கள் வேறு ஊர்க்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றார்கள். அதன்பின் கேட்பது குறைந்தது. பத்திரத்தின் வாசகத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, பேரை மட்டும் நிரப்ப ஆரம்பித்தேன். "மனைவிக்கும் இதில் சம்மதம்" என்ற வரி எல்லாவற்றிலும் இருந்தது.

ஒரு நாள் வரிசையில் அந்த இறால்காரன் நின்றான். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"நீயா?" என்றேன்.

"எழுதுங்க ஐயா. வூட்டுல ரெண்டு புள்ளைங்க."

"உனக்கு இஷ்டந்தானா?"

"இஷ்டத்த எல்லாம் யார் கேக்கறாங்க? அரிசிய அவ கையில குடுத்துடுங்க, அது போதும்."

அவளுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். எழுதினேன். அவன் மையில் விரலைத் தொட்டு அழுத்தினான்.

மறுநாள் அவள் அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு கொட்டகைக்கு வந்தாள். மூட்டையை என் காலடியில் போட்டாள்.

"இத எடுத்துக்கினு அவர வுடச் சொல்லுங்க ஐயா. எனக்குத் தெரியாம போயிட்டாரு. உங்க வாயாலதான எங்க எடத்த வாங்கிக் குடுத்தீங்க? அதே வாயால கேளுங்க."

அன்றைக்கே சபைக்கு அழைத்துப் போனேன். மனைவி சம்மதிக்கவில்லை, ஆகவே பத்திரம் செல்லாது என்று வாதாடினேன். துரை பத்திரத்தை எடுத்துப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சம்மதம் என்று எழுதியிருக்கிறதே. இது உன் கையெழுத்து. அவளைக் கேட்டுத்தான் எழுதினாயா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் பொய்ப் பத்திரம் எழுதியவன் ஆவேன், அந்தச் சபையில் இனி வாய் திறக்க முடியாது. மூட்டைகளும் இறக்கப்படும். இது அத்தனையும் ஒரு மூச்சில் என் தலைக்குள் ஓடியது.

"நினைவில்லை. ஒரு நாள் தவணை வேண்டும்" என்றேன்.

பக்கத்தில் நின்றவளுக்கு நாங்கள் பேசிய பாஷை புரியவில்லை. "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நாளைக்கு வரச் சொல்றாங்க."

அவள் என்னைக் கும்பிட்டாள்.

விடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் புறப்பட்டேன். கடற்கரையில் கூட்டம் நின்றது. காற்று திரும்பிவிட்டதாம், கப்பல் பாய் விரித்து வெகுதூரம் போயிருந்தது. அவன் அதில் இருந்தான். என் ஆறு மூட்டைகளும் இருந்தன.

அப்படியே கோட்டைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "கப்பல் போன பிறகு இதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?" என்றார் துரை. அன்றோடு என்னைச் சபையிலிருந்து நீக்கினார்கள். வெளியே காத்திருந்த அவளிடம், அந்த வரியை, தவணை கேட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேனே ஐயா. கேக்கவே இல்லியே" என்றாள். பிறகு கொட்டகைக்கு நடந்து, அங்கே கிடந்த அரிசி மூட்டையைப் பிள்ளைகளுக்காகத் திரும்பத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். கொட்டகைக்கு அப்புறம் வரவே இல்லை.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. முகத்துவாரம் உடைந்து ஏரி மறுபடி ஏரியாயிற்று. என் துணி போன இடத்தில் பிடித்துப்போய், அதே கொடி, அதே பூ இன்னும் வேண்டும் என்று ஓலை வந்தது. வேறு பிழைப்பு இல்லாததால் எழுதிக் கொடுத்தேன். வருஷக்கணக்காக எழுதினேன். நன்றாகத்தான் இருந்தேன். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கரைக்கு வரும் ஒவ்வொரு கப்பல்காரனிடமும் அந்தக் கப்பலைப் பற்றி விசாரித்தேன். நாலாம் வருஷம் ஒருவன் சொன்னான், அந்தப் பயணத்தில் அடித்தட்டில் காய்ச்சல் கண்டது, பாதிப் பேருக்குமேல் செத்தார்கள், கடலில் போட்டார்கள், கரை சேர்ந்தவர்கள் யார் யார் என்று யாருக்கும் தெரியாது.

இதை அவளிடம் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. ஏரிக்குப் போனேன். மார்பளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை ஒருபுறம் சாய்த்து, சேற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். கரையில் நின்றபடியே சொன்னேன். சொல்லி முடிக்கிற வரை என் பக்கம் பார்த்தாள்.

"சரி" என்றாள். தண்ணீருக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.