லதா அக்கா வைத்த இன்னொரு குழாய்

லதா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, பாயான் பாருவில் எங்கள் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் கையுறை போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கை இரண்டு வரி அனுப்பியிருந்தார். படித்துவிட்டு அன்றைய மாதிரிகளை எடுத்து வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவருடைய பழக்கம் தெரியும். முலாம் பூசும் பிரிவின் கழுவுநீரில் குளோரைடு கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சில்வர் நைட்ரேட் சில சொட்டு விட்டால், குளோரைடு உள்ள நீர் வெண்மையாகக் கலங்கும். ஒவ்வொரு முறையும் பக்கத்தில், காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றிய இன்னொரு சோதனைக்குழாயை வைத்து, அதிலும் அதே சொட்டுகளை விடுவார். அது தெளிவாக நின்றால்தான் மற்றதை நம்புவார்.

நான் சேர்ந்த முதல் மாதம் ஒருநாள், ஐந்து மாதிரிகளும் கலங்கின. குளோரைடு உண்டு என்று எழுதினேன்; உற்பத்தி நின்றது. அக்கா வந்து என் குழாய் ஒன்றில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் சோதித்தார். அதுவும் கலங்கியது.

"பைப் தண்ணியிலதானே கழுவுன? அதுலயே குளோரைடு இருக்கு."

தலையாட்டினேன்.

"டிகிரியில கழுவச் சொல்லித் தரல போல. பரவால்லலா, நானும் ஒரு லைன நிப்பாட்டுனவதான்."

மேலாளரிடம், சோதனையை மறுபடி செய்கிறோம் என்று மட்டும் சொன்னார்.

போன வருடம், தன் மார்புக் கட்டியின் சோதனை முடிவை மதிய உணவு நேரத்தில் என்முன் வைத்தார். புற்றுநோய் என்றிருந்தது.

"நீ படிச்ச பொண்ணு. அங்கயும் யாராச்சும் சரியா கழுவாம வெச்சிருப்பாங்கதானே?"

எனக்கு அயனிகளைத்தான் தெரியும். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்து, தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "இருக்கலாம்க்கா" என்றேன்.

அதன்பின் ஐந்து மாதம் அவர் மருத்துவமனைப் பக்கம் போகவில்லை. செபராங் ஜெயாவில் யாரிடமோ மூலிகை வாங்கிக் குடித்தார். பிறகு செய்த மறுசோதனையும் அதையே சொன்னது. அதற்குள் நோய் எலும்புக்குப் போயிருந்தது.

கடைசியாகப் பார்த்தபோது, படுக்கையருகே நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "விடு. டாக்டர்கிட்ட கேட்டிருந்தா, இல்ல, டெஸ்ட் சரிதான்னு சொல்லியிருப்பாரு. அதான் உன்கிட்ட கேட்டேன்" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையே அதுதானா, இனித் தெரிந்துகொள்ள வழியில்லை.

அவருடைய பொருளில் ஏதாவது வேண்டுமா என்று தங்கை கேட்டார். வேண்டாம் என்றேன். 'இருக்கலாம்' என்று நான் சொன்ன அந்த ஒரு சொல்லை அவர் ஐந்து மாதம் வைத்திருந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது.