கசார்வாடியில் ஒரு முழுக் கண்ணாடி

அந்தக் கண்ணாடி எத்தனை முறை உடைந்தது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை 8.10. ஒன்றரை வயது மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு ஹிஞ்சேவாடியில் ஆட்டோ ஏறினேன். பதினான்கு கிலோமீட்டர், 290 ரூபாய். பால்புட்டியைக் கொதிநீரில் போட்டேனா என்று வழியிலேயே இரண்டு முறை போன் செய்தேன்.

"போட்டாச்சு. நீ பில்டிங்கப் பாரு," என்றார்.

9.05. கசார்வாடிச் சந்து. இங்கே வியாழன்தான் பட்டறைகளுக்கு வார விடுமுறை. ஓர் இயந்திரமும் ஓடவில்லை. கீழே லேத் பட்டறை, மாடியில் செல்வியக்காவின் குடும்பம். கட்டுமானப் பொறியாளராக நான் தனியே பொறுப்பேற்ற முதல் கட்டடம். மூன்று மாதங்களுக்கு முன் தூணின் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி எழுதியிருந்தேன். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையாமலிருந்தால் கட்டடத்துக்கு உறுதிச் சான்று தரலாம் என்றார் மேலாளர்.

கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ஆனால் அன்று என் நகம் நுழையாத விரிசலில் இன்று ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தது. கண்ணாடியிலிருந்த தேதியைப் பார்த்தேன். நான் ஏழுக்குக் குறுக்குக்கோடு போடுவேன். இந்த ஏழில் கோடு இல்லை.

"நாந்தாம்மா கண்ணாடிய மாத்துனேன்," படியிறங்கி வந்தார் செல்வியக்கா. "உடைஞ்ச காச் வூட்டுல இருந்தா ஆவாது. போட்டோ பிரேம் கடையில வெட்டிக் குடுத்தான். தேதியும் பாத்து எழுதிட்டேன்."

"எத்தன தடவக்கா?"

"யாரு எண்ணுனா? மூணு... நாலு. திடீர்னு 'டக்'னு கேக்கும். பல்லிம்பாரு எங்க வூட்டுக்காரரு."

"அக்கா, இன்னிக்கே வேற எடம் போயிடுங்க."

"காச்தானேம்மா உடைஞ்சுது? வூடா உடைஞ்சுது?" என்று சிரித்தார்.

டக்.

இருவரும் திரும்பினோம். கண்ணாடி முழுதாகவே இருந்தது; சத்தம் வேறெங்கிருந்தோ.

வெளியே வந்து மேலாளரை அழைத்தேன்.

"மூணு மாசம் முன்னாடி ஒட்டும்போது விரிசல அளந்தியா?"

"இல்ல சார். நகம் வச்சுப் பார்த்தேன்."

"ரிப்போர்ட்ல நகம்னு எழுதுவியா? புதுசா ஒட்டிட்டு வா, ஒரு மாசம் பார்ப்போம்."

புதிய துண்டை ஒட்டினேன், இம்முறை அளந்து. சான்றில் கையெழுத்திடவில்லை. தூணுக்கு இரும்பு முட்டு கொடுங்கள் என்று கட்டட உரிமையாளருக்கு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.

12.40. திரும்பும் ஆட்டோவில், விரிசலில் நுழைந்த அந்த நாணயத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. வீட்டில், மகள் தூங்கும் அறைத் தூணை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்.

நான் வீணாகப் பயப்படுகிறேனா? யாரும் எண்ணாத உடைசல்களைச் சொல்லி ஒரு குடும்பத்தை எப்படி வெளியேற்றுவது? அனுபவமுள்ள பொறியாளர்கள் இந்தப் பதிவின் கீழே இன்றே எழுதுங்கள். செல்வியக்கா இன்னும் மாடியில்தான் இருக்கிறார்.